கவாத்து அறிந்த மண்ணில் மொட்டை மரங்கள்

தேயிலை ஒரு மரம். வால்பாறையிலும் குன்னூரிலும் அதை இடுப்பளவிலேயே பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம். வெட்டாமல் விட்டால் முப்பது, நாற்பது அடிக்குக்கூட அது வளர்ந்துவிடும். சீனாவின் யுன்னான் மாகாணத்தில், ஏறி நின்று கொழுந்து பறிக்கிற அளவுக்கு ஓங்கிய பழைய தேயிலை மரங்கள் இன்றும் உண்டு. ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் அப்படியொரு மரத்தைக் கைக்கெட்டும் உயரத்தில், பல பதிற்றாண்டுகளுக்கு உயிரோடும் விளைச்சலோடும் வைத்திருப்பது கவாத்து என்கிற வேலைதான்.

அந்த வேலையைச் செய்துவரும் கைகளில் பெரும்பகுதி தமிழர்களுடையவை. நீலகிரியிலும் ஆனைமலையிலும் மட்டுமல்ல, இலங்கையின் மலையகத்திலும் அப்படித்தான். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டக்காரர் அங்குள்ள லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். 1869-ல் தலைகாட்டிய இலைத்துரு நோய் காபித் தோட்டங்களை ஒழித்துக்கட்ட, மலையெங்கும் தேயிலை பரவியது. காபிக்காகத் தமிழகத்திலிருந்து போனவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் தேயிலைக்கு மாறினார்கள். பெண்கள் கொழுந்து பறித்தார்கள். ஆண்கள் கவ்வாத்துக் கத்தியை எடுத்தார்கள். மலையகத்தில் கவாத்து என்ற சொல்லை இப்படி அழுத்தித்தான் சொல்வார்கள்.

ஒரு தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும் முன்பு நடக்கிறவற்றைக் கவனித்தால், மரத்தை வெட்டுவது எவ்வளவு யோசித்துச் செய்ய வேண்டிய காரியம் என்பது விளங்கும். தென்னிந்தியத் தோட்டங்களில் பொதுவாக நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இது வருகிறது. உயரமான மலைகளில் வளர்ச்சி மெதுவாக இருப்பதால் இடைவெளி இன்னும் கொஞ்சம் நீளும். எந்தக் காட்டுக்கு எந்த ஆண்டு என்பது ஏட்டில் இருக்கும். எந்த உயரத்தில் வெட்டுவது என்பதும் முன்கூட்டியே முடிவாகிவிடும். செடி கிழடுதட்டிப்போயிருந்தால் தரையிலிருந்து ஓர் அடிக்கும் கீழே இறங்குவார்கள். நல்ல நிலையில் இருந்தால் இரண்டடி உயரத்தில் நிறுத்திக்கொள்வார்கள். கடும் வறட்சியில் கத்தியைத் தொடுவதில்லை.

இதில் வியக்க வைப்பது வேரைக் கேட்கிற வழக்கம். கவாத்தான செடியில் இலை இருக்காது. இலை இல்லையென்றால் உணவு தயாராகாது. புதுத்தளிர் வந்து தன் காலில் நிற்கும்வரை அந்தச் செடி பிழைப்பது வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்தால். அதனால் வெட்டுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கொழுந்து பறிப்பதை நிறுத்திச் செடிக்கு ஓய்வு கொடுப்பார்கள். வேரில் ஒரு துண்டை நறுக்கி, அயோடின் கரைசலைத் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் ஏறவில்லை என்றால் கத்தி காத்திருக்க வேண்டும். இலங்கையில், வெப்பம் மிகுந்த தாழ்நிலத் தோட்டங்களில், எல்லாவற்றையும் வெட்டிவிடாமல் ஓரிரு கிளைகளை இலையோடு விட்டுவைப்பார்கள். செடி மூச்சுவிடுவதற்காக விட்ட கிளைகள் என்பதால் தேயிலை நூல்களில் அவற்றுக்கு நுரையீரல் என்றே பெயர். புதுத்தளிர் வந்து நிலைத்த பிறகுதான் அவையும் போகும். வெட்டும் வெட்டு சாய்வாக, ஒரே வீச்சில், தண்டு பிளக்காமல் விழ வேண்டும். மழைத்தண்ணீர் வெட்டுவாயில் தேங்கினால் அழுகல் இறங்கும் என்பதால் அந்தச் சாய்வு. கழித்த இலையும் குச்சியும் அங்கேயே செடிகளுக்கு இடையில் மூடாக்காகக் கிடக்கும்.

தலவாக்கலையில் இருக்கும் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925-ல் தொடங்கப்பட்டது. உபாசி என்று அறியப்படும் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம் வால்பாறையில் தேயிலை ஆராய்ச்சி மையம் நடத்திவருகிறது. கவாத்து பற்றி இந்த இரு நிறுவனங்களும் எழுதிக் குவித்தவை ஏராளம். ஒரு பசுமைமாறா மரத்தின் உயரத்தையும் வடிவத்தையும் கட்டுக்குள் வைப்பது எப்படி என்று தமிழ்நாட்டில் தெரியாது என யாரும் சொல்ல முடியாது.

அப்படியிருக்க, அதே தமிழ்நாட்டின் தெருக்களில் மரங்களுக்கு நடப்பது என்ன?

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் எந்த ஊரில் வேண்டுமானாலும் இதைப் பார்க்கலாம். மின்கம்பிக்குக் கீழே நிற்கும் வேம்பு, புங்கம், மகிழம், நாவல், தூங்குமூஞ்சி எல்லாவற்றுக்கும் ஒரே வெட்டு. ஏணி சாத்தப்படுகிறது. அரிவாளோ இயந்திர ரம்பமோ மேலே போகிறது. கம்பியைத் தொடுகிற கிளை எது, தொடாத கிளை எது என்று பார்க்கிற பொறுமை இல்லாமல், கைக்கு எட்டியதெல்லாம் கீழே விழுகிறது. தொடைப் பருமனுள்ள கொம்புகள் நடுவில் முறிக்கப்பட்டு, பட்டை நார்நாராகக் கிழிந்து தொங்குகிறது. சில இடங்களில் சாலைப் பக்கம் முழுவதையும் வழித்துவிட்டு, வீட்டுப் பக்கத்துக் கிளைகளை மட்டும் விட்டுவைக்கிறார்கள். சில இடங்களில் தலையை அப்படியே எடுத்துவிட்டு மூன்று மொட்டைக் கொம்புகளோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து லாரி வந்து கிளைகளை அள்ளிக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோகிறது. வேலை முடிந்ததாகக் கணக்கு எழுதப்படுகிறது.

முடிந்ததாக நினைக்கும் இடத்திலிருந்துதான் மரத்துக்குத் தொல்லை தொடங்குகிறது. தலை போன மரம் முதலில் பட்டினியில் விழுகிறது. பிழைக்கும் பதற்றத்தில், பட்டைக்குள் உறங்கிக்கிடந்த மொட்டுகளை எழுப்பி, வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் போத்துகளைக் கிளப்புகிறது. அடுத்த மழைக்குள் மரம் பழையபடி பச்சையாகிவிட்டதே என்று பார்ப்பவர்கள் மகிழ்வார்கள். ஆனால் அந்தப் போத்துகளுக்கும் இயல்பாக வளர்ந்த கிளைக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. இயல்பான கிளை ஆண்டுக்கு ஆண்டு அடிமரத்தோடு சேர்ந்து பருத்து, உள்ளே ஆழமாகக் கட்டுண்டிருக்கிறது. மொட்டையில் கிளம்பிய போத்து மேலோட்டமான அடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது விறுவிறுவென நீளும். சில ஆண்டுகளில் மீண்டும் கம்பியைத் தொடும். இதற்கிடையே அதன் அடியில் இருக்கும் வெட்டுவாய் அழுகத் தொடங்கியிருக்கும். பாரம் கூடக் கூட, பிடி தளரும். காற்று வீசும்போது முறிந்து விழுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கிளைகள். பாதுகாப்புக்காகச் செய்த வெட்டு, சில ஆண்டுகளில் பழையதைவிடப் பெரிய ஆபத்தைத் தலைக்கு மேல் தொங்கவிடுகிறது.

மரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் அலெக்ஸ் ஷைகோ. 1930-ல் பிறந்து 2006-ல் மறைந்த அமெரிக்கர்; அந்நாட்டு வனத்துறையின் ஆராய்ச்சியாளர். அவருக்கு முன்பிருந்தவர்கள் மரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தார்கள். அவர் இயந்திர ரம்பத்தைக் கொண்டு நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்தார். ஆயிரக்கணக்கான மரங்களை இப்படிப் பிளந்ததில் ஓர் உண்மை தெளிவாயிற்று. மனிதத் தோல் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. காயம்பட்ட திசுவை மரம் புதுப்பிப்பதே இல்லை. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, வெளியே புது மரத்தை வளர்த்துக்கொள்கிறது. 1977-ல் இதை அவர் விளக்கமாக வெளியிட்டார். மரம் அறுக்கிறவர்களுக்கு இதில் கிடைத்த பாடம் எளிமையானது. கிளை அடிமரத்திலிருந்து புறப்படும் இடத்தில் சற்றே புடைத்த ஒரு கழுத்து இருக்கும். சுவர் எழுப்பும் ஆற்றல் அங்கேதான் குவிந்திருக்கிறது. அந்தக் கழுத்துக்கு வெளியே, அதைக் காயப்படுத்தாமல் வெட்டினால் மரம் தானே மூடிக்கொள்ளும். பார்வைக்கு வழவழப்பாக இருக்க வேண்டும் என்று அடிமரத்தோடு ஒட்டச் செதுக்கினால் கழுத்து போய்விடும். அழுகல் நேராக அடிமரத்துக்குள் இறங்கும். ஒரு முழம் தள்ளி வெட்டிக் குச்சியாக நீட்டிவிட்டாலும் அந்தக் குச்சி செத்து, பூஞ்சைக்கு வாசலாகும்.

கனமான கிளை என்றால் மூன்று வெட்டு. முதலில் அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழ்ப்புறத்தில் பாதியளவு அறுக்க வேண்டும். அடுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். பாரம் போன பிறகு கழுத்துக்கு வெளியே கடைசி வெட்டு. இதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சில நிமிடங்கள்தான். தார் பூசுவது, பெயின்ட் அடிப்பது போன்றவை வெட்டு சரியில்லாததை ஈடுசெய்யாது. பழத்தோட்டங்களில் பூஞ்சையைத் தடுக்கத் தாமிரப் பசை தடவச் சொல்வதுண்டு. அதுவும் நல்ல வெட்டுக்குத் துணையாகத்தான்.

பசுமைமாறா மரங்களைப் பொறுத்தவரை இன்னொரு விஷயமும் இருக்கிறது. குளிர்நாட்டு இலையுதிர் மரம், இலையைக் கைவிடும் முன் அதிலுள்ள சத்தில் கணிசமான பங்கைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. பிறகு மாதக்கணக்கில் உறங்குகிறது. அந்த உறக்கத்தில் வெட்டினால் இழப்பு குறைவு. வேம்புக்கும் புங்கத்துக்கும் நாவலுக்கும் அப்படியொரு நீண்ட உறக்கம் கிடையாது. மாசி வாக்கில் வேம்பு பழைய இலையை உதிர்த்தாலும் அடுத்த சில வாரங்களில் தளிர்த்துவிடுகிறது. இந்த மரங்களுக்கு இலைதான் அடுப்படி. சேமிப்பில் ஒரு பங்கும் அதில்தான் இருக்கிறது. ஒரே நாளில் முக்கால் பங்கு இலையைப் பறித்துக்கொள்வது, வேரையும் சேர்த்துப் பட்டினி போடுவதாகும். வேர் மெலிந்தால் மண்ணைப் பிடிக்கும் வலு குறையும். ஒரு தடவையில் கால் பங்குக்கு மேல் இலைப்பரப்பைக் கழிக்கக் கூடாது என்பது உலகெங்கும் மரப் பராமரிப்பாளர்கள் கைக்கொள்ளும் பொது விதி. முதிர்ந்த மரத்துக்கு அதுவும் அதிகம்.

2016 டிசம்பர் 12-ம் தேதியை சென்னை மறக்காது. வர்தா புயல் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றோடு நகரைக் கடந்தபோது, ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. எல்லாவற்றுக்கும் கவாத்தைக் காரணம் சொல்ல முடியாது. மேலோட்டமாக வேர் விடும் அயல்நாட்டு மரங்கள், தண்டு வரைக்கும் போட்ட சிமென்ட், வடிகாலுக்கும் கேபிளுக்கும் தோண்டியபோது அறுபட்ட வேர்கள் எனப் பல காரணங்கள் சேர்ந்துகொண்டன. ஆனால் ஒருபக்கம் மட்டும் வழித்துவிடப்பட்ட மரத்தின் எடை மறுபக்கம் சாய்ந்து நிற்கும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. ஒரு பக்கத்தில் வேர் அறுபட்டு, மறு பக்கத்தில் கிளை கனத்து நிற்கும் மரம் பெருங்காற்றுக்கு எப்படித் தாங்கும்? புயலுக்கு மறுநாள், மரமே ஆபத்து என்ற பேச்சு எழுந்தது. அதைத் தொடர்ந்து நிமிர்ந்து நின்ற மரங்களையும் மொட்டையடிக்கும் வேகம் வந்தது. அதுதான் மிகவும் வருத்தத்துக்குரியது.

மின்வாரியத்தின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில் ஈரக்கிளை கம்பியைத் தொட்டால் மின்தடையோடு போவதில்லை, உயிரும் போகலாம். தெருவில் நடந்துபோகிறவரின் உயிரும் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிரும் ஒரு கிளையைவிடப் பெரியவை. மழைக்கு முன் கம்பியைச் சுற்றி இடைவெளி ஏற்படுத்துவது அவர்களின் கடமை. அதை யாரும் குறைசொல்லக் கூடாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் பத்து மாதம் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டு, மழை வாசலுக்கு வந்த பிறகு, மர வேலை கற்காத ஆட்களை வைத்து, ஒரே வாரத்தில் ஒரு வட்டம் முழுவதையும் முடிக்கச் சொல்வதுதான் குறை. அந்த அவசரத்தில் யார் ஏறினாலும் இப்படித்தான் வெட்டுவார்கள். கம்பி போகும் பாதையில் மட்டும் கிளைகளை அதனதன் கழுத்தில் எடுத்து, கம்பியை விட்டு விலகிப் போகிற கிளைகளை வளரவிட்டால், மரம் கம்பிக்கு வழிவிட்டு இருபுறமும் படரும். தளிர்ப்பும் குறையும், அடுத்த ஆண்டு வெட்ட வேண்டியதும் குறையும். செலவுக் கணக்குப் பார்ப்பவர்களுக்கும் இதுதான் லாபம்.

உண்மையில், வளர்ந்த மரத்தை அடக்குவதைவிட இளமரத்தை வழிநடத்துவதே சுலபம். நட்ட முதல் நான்கைந்து ஆண்டுகளில் செய்யும் சின்னச் சின்னக் கவாத்துதான் ஒரு மரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நடுத்தண்டு ஒன்றே ஒன்றாக நேராகப் போக வேண்டும். போட்டியாக இரண்டாவது தண்டு கிளம்பினால் விரல் பருமனிலேயே எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் இரண்டும் சமமாகப் பருத்து, நடுவில் பட்டை மாட்டிய கவட்டையாகி, இருபது ஆண்டு கழித்து ஒரு புயலில் மரமே இரண்டாகப் பிளக்கும். பேருந்து போகும் சாலையில், கீழ்க்கிளைகளை ஒரே தடவையில் வழிக்காமல் ஆண்டுக்கு ஒன்றிரண்டாக எடுத்துக்கொண்டே போனால் மரம் தானாகவே உயரத்தில் விரியும். இதற்கு லாரியும் இயந்திரமும் வேண்டாம். கையில் அடங்கும் ஒரு கத்தரியும் சிறு ரம்பமும் போதும். ஆனால், மரம் நடும் விழாவுக்கு இருக்கும் ஆர்வம், நட்ட மரத்தை மூன்றாம் ஆண்டில் போய்ப் பார்ப்பதில் அரசுத் துறைகளுக்கும் இல்லை, தன்னார்வ அமைப்புகளில் பலவற்றுக்கும் இல்லை.

விவசாயிகளிடம் இந்த அறிவு இன்னமும் உயிரோடு இருக்கிறது. மதுரை, திண்டுக்கல் பக்கம் குண்டுமல்லி பயிரிடுகிறவர்கள் நவம்பர் கடைசியில் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்கிறார்கள். அடுத்த பூ அந்த வெட்டில் வரும் தளிரில்தான். செடிமுருங்கையில் இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். கிளை பெருகிக் காய் பெருகும். மாவைப் பாருங்கள். பழைய முறையில் முப்பத்துமூன்று அடிக்கு ஒன்று என ஏக்கருக்கு நாற்பது மரங்கள் நின்ற இடத்தில், மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட மரங்களை நடும் அடர் நடவு இப்போது உடுமலைப்பேட்டை வட்டாரத்திலும் வேறு பல இடங்களிலும் நடக்கிறது. காடுபோல் வளரக்கூடிய மா, அங்கே ஆள் உயரத்தில் நின்று காய்க்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்த கையோடு, அடுத்த பூவுக்கான தளிர் முதிர நேரம் கிடைக்கும்படி, கிளைகளை அளவாகக் கழிப்பதால்தான் இது முடிகிறது. ஒரு மாதம் தாமதித்து வெட்டினால் அந்த ஆண்டுப் பூ போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும். காலம், உயரம், அளவு மூன்றும் பிசகாத வேலை அது.

ஆனால், தெருக்களைப் போலவே வீட்டுத் தோட்டங்களிலும் நிலைமை கவலைக்கிடமே. புதிதாகக் கட்டும் வீடுகளின் முகப்பில் அழகுக்காகத் தூஜாவும், கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரில் விற்கும் அரவுக்கேரியாவும் நடப்படுகின்றன. நாற்றங்காலில் மூன்றடி உயரத்தில் இருந்தவை, மாடியைத் தாண்டியதும் வீட்டுக்காரர் தலையை வெட்டச் சொல்கிறார். ஊசியிலை, செதிலிலை மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு, இலையில்லாத பழைய கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும் திறன் கிடையாது. வேம்பு மன்னிக்கும், தூஜா மன்னிக்காது. உள்ளே பழுப்பேறிய பகுதிவரை வெட்டிவிட்டால் அந்த ஓட்டை ஆயுளுக்கும் மூடாது. அரவுக்கேரியாவின் கொண்டையை ஒருமுறை வெட்டினால், அதை வாங்கத் தூண்டிய அந்தக் கோபுர வடிவம் திரும்பி வராது. இம்மாதிரி மரங்களில் அந்த ஆண்டு வந்த இளந்தளிரை மட்டும், ஆண்டுதோறும், லேசாகக் கத்தரிக்க வேண்டும். இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் தோட்டத்தில், 1690-களில் உருவாக்கத் தொடங்கிய யூ மர உருவங்கள் இன்றும் கத்தரிக்கப்பட்டு வடிவம் கெடாமல் நிற்கின்றன. யூ, பழைய கட்டையிலும் தளிர்க்கும் அபூர்வ ஊசியிலை மரம் என்பது ஒருபுறம். ஒரேயடியாக வெட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டது மறுபுறம். நெட்டிலிங்கத்தை மதில் ஓரம் வரிசையாக நட்டுப் பத்தாண்டு கழித்துப் பாதியில் முறிக்கிறவர்கள், முதல் மூன்று ஆண்டிலேயே உயரத்தை முடிவு செய்து நுனியைக் கிள்ளியிருந்தால், பெரிய வெட்டே தேவைப்பட்டிருக்காது. அதைவிட, கம்பிக்குக் கீழே நெட்டிலிங்கத்தையும் வேம்பையும் நடாமல் பவழமல்லியோ மந்தாரையோ நட்டிருந்தால் ஏணியே வேண்டியிருந்திருக்காது.

சட்டம் என்ன செய்கிறது? தில்லியில் 1994 முதல் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 15.7 சென்டிமீட்டர் சுற்றளவு வரையிலான கிளைகளை முன் அனுமதியின்றிக் கழிக்கலாம் என்றிருந்த வழிகாட்டுதலை தில்லி உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் ரத்து செய்தது. பராமரிப்பு என்ற பெயரில் மரங்கள் கண்மூடித்தனமாக வெட்டப்படுவதே அந்த வழக்கின் பின்னணி. அதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 2013-ல், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வரை சிமென்ட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லிக்கு உத்தரவிட்டது. தமிழகத்தில் மலைப்பகுதி மரங்களுக்கு 1955-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொது இடத்து மரங்களை வெட்டுவதை ஒழுங்குபடுத்த 2021-ல் மாவட்டந்தோறும் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. இவை வரவேற்க வேண்டியவை. ஆனால் அனுமதிக் கடிதம் மட்டும் நல்ல வெட்டைத் தந்துவிடாது. எத்தனை கிளை வெட்டலாம் என்று தாளில் எழுதலாம். எந்த இடத்தில், எந்தக் கருவியால் வெட்டுவது என்பது ஏணியில் நிற்பவரின் கையில் இருக்கிறது. சின்னக் கிளைக்கும் பெரிய கிளைக்கும் ஒரே அனுமதி நடைமுறை என்றால், இளமரத்தில் விரல் பருமன் குச்சியை எடுக்க வேண்டிய வேலைகூட நின்றுபோகும் ஆபத்தும் இருக்கிறது. கட்டுப்பாடு பெரிய வெட்டுக்குக் கடுமையாகவும், இளமரக் கவாத்துக்கு எளிமையாகவும் இருக்க வேண்டும்.

மரத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் பார்த்தாக வேண்டும். 2022 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்காகக் கூடுகள் நிறைந்த ஒரு மரத்தைச் சாய்த்தபோது, பறக்கத் தெரியாத நீர்ப்பறவைக் குஞ்சுகள் கூட்டமாகச் செத்து விழுந்தன. அந்தக் காட்சியைக் கண்டவர்கள் கலங்கிப்போனார்கள். கிளையை வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். இருந்தால் குஞ்சு பறக்கும்வரை சில வாரம் தள்ளிப்போடலாம்.

ஏணியில் நிற்பவரைப் பற்றிப் பேசாமல் இந்த விவகாரத்தில் எதுவும் மாறாது. தலைக்கவசம் இல்லாமல், இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இல்லாமல், மின்கம்பிக்கு அருகில், நாட்கூலிக்கு ஏறுகிற தொழிலாளி அவர். விழுந்தால் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருப்பதில்லை. எந்தக் கிளையை எங்கே வெட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எவ்வளவு வேகமாக முடிப்பார் என்பது மட்டுமே அவரிடம் எதிர்பார்க்கப்படுகிறது. அவரைக் குற்றவாளியாக்கி எழுதுவது அநியாயம். தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக்காரருக்குத் தனித் திறமை உண்டென்று எல்லோரும் ஏற்கிறார்கள். புதிதாக வந்தவர் கையில் முதல் நாளே கத்தியைக் கொடுத்து ஒரு காட்டை ஒப்படைப்பதில்லை. நகரத்து மரத்துக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் கிடைக்கவில்லை?

இதை மாற்றத் தேவையானவை எல்லாம் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் அதன் வனவியல் கல்லூரி இருக்கிறது. வால்பாறையில் உபாசி மையம் இருக்கிறது. மாவட்டந்தோறும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. எலெக்ட்ரீஷியனுக்கும் வெல்டருக்கும் சான்றிதழ் கொடுக்கும் அந்த நிலையங்களில், மரம் ஏறுதல், கயிறு கட்டுதல், மூன்று வெட்டு முறை, கருவி தீட்டிச் சுத்தம் செய்தல், மின்கம்பி அருகே பாதுகாப்பு ஆகியவற்றைக் கற்றுத்தரும் ஆறு மாதப் படிப்பு ஒன்றைத் தொடங்குவதற்குப் புதுக் கட்டடம்கூட வேண்டாம். மின்வாரியமும் மாநகராட்சிகளும் நெடுஞ்சாலைத் துறையும், அந்தச் சான்றிதழ் பெற்றவர் மேற்பார்வையில்தான் மரக்கிளை வெட்டும் ஒப்பந்தம் நடக்கும் என்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி சேர்த்தால், படித்து வருகிறவர்களுக்கு வேலை தயாராக இருக்கும். கூலியை லாரி எண்ணிக்கையில் கணக்கிடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும்; அதிகம் வெட்டினால் அதிகப் பணம் என்ற ஏற்பாடு இருக்கும்வரை மரம் தப்பாது. ஒவ்வொரு வார்டிலும் சாலையோர மரங்களுக்கு ஓர் ஏடு வேண்டும். எந்த மரம், எந்த ஆண்டு, எவ்வளவு கழிக்கப்பட்டது என்று தேயிலைக் காட்டுக்கு எழுதுவதுபோல் அதில் எழுத வேண்டும். கழித்த கிளைகளை அரைத்து, அதே தெரு மரங்களின் அடியில் மூடாக்காகப் போடச் சிறு அரவை இயந்திரங்கள் கிடைக்கின்றன.

வடகிழக்குப் பருவமழைக்கான கிளை வெட்டை ஐப்பசிவரை தள்ளாமல் ஆடி, ஆவணியிலேயே தெருத்தெருவாகத் தொடங்கிவிடலாம். அப்போதுதான் கிளையை நின்று பார்த்து வெட்ட நேரம் இருக்கும். மழை வருவதற்குள் மரமும் வெட்டுவாயைச் சுற்றி மூடத் தொடங்கியிருக்கும். எந்தத் தெருவில் என்றைக்கு வேலை என்பதை மின்தடை அறிவிப்பைப் போலவே முன்கூட்டியே வெளியிட்டால், அந்தத் தெருக்காரர்கள் கூடவே நின்று, எந்தக் கிளை கம்பியைத் தொடுகிறது, எது தொடவில்லை என்று கேட்டுச் சரிபார்க்கலாம்.